சமதரையில் ஆறு நிமிடம்

கலஹாவில் சமதரை அரிது. பேராதனையிலிருந்து தெல்தொட்டைக்குப் போகும் பஸ் வளைவுக்கு வளைவு உறுமிக்கொண்டு ஏறுகிறது. இறங்கினால் லயத்துக்குப் படி, லயத்திலிருந்து பீலிக்குப் படி, அதற்கு மேல் மலைக்கு ஏற்றம். அதனால் இந்தப் பக்கத்தில் ஒருவரின் நுரையீரல் பழுதடைந்தால் அதை முதலில் கண்டுபிடிப்பவை படிகள்தான். கோயில்வரை ஒரே மூச்சில் ஏறிய அம்மா இந்த வருடம் நடுவில் ஒரு தடவை நிற்கிறார். அடுத்த வருடம் மூன்று தடவை. “வயசாகுதுல்ல” என்கிறார். பிள்ளைகளும் அப்படியே நினைக்கிறார்கள். இருமல் கூடினால் “வீசிங்” என்று ஒரு பம்ப் வீட்டுக்கு வருகிறது.

வைத்தியசாலையில் இதே நிற்றல்களை வேறு விதமாக எண்ணுகிறார்கள். அதற்கு மேடுபள்ளமில்லாத நீண்ட நடைக்கூடம் வேண்டும்; வழக்கமாக 30 மீற்றர். விரல் நுனியில் ஒட்சிசன் மானியை மாட்டி, “உங்க வேகத்துல நடங்கம்மா” என்கிறார்கள். ஓட வேண்டியதில்லை. களைத்தால் நிற்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. ஆறு நிமிடத்தில் எத்தனை மீற்றர் நடந்தார், குருதியின் ஒட்சிசன் எவ்வளவு இறங்கியது என்ற இரண்டு எண்கள் கிளினிக் கொப்பியில் ஏறுகின்றன.

நுரையீரலை மாற்றுவதா, வேண்டாமா என்ற பெரிய கேள்வியின் விடையில் இந்தச் சிறிய எண்களுக்கும் பங்கு உண்டு. அந்தக் கேள்வியைப் பலர் ‘வாழ்வதா, சாவதா’ என்று புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் அது ஒரு பண்டமாற்று. கையிலுள்ள நோயைக் கொடுத்துவிட்டு, ஆயுள் முழுவதும் கவனிக்க வேண்டிய வேறொரு நிலையை வாங்கிக்கொள்கிறோம். எந்த நோயைக் கொடுக்கிறோம், எப்போது கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே இது இலாபமா நட்டமா என்று தெரியும்.

ஆறு காம்பராக்களின் தரை

நம் நெஞ்சுக்குள் 30 கோடி முதல் 50 கோடி வரையான காற்றுச் சிற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் ஏறத்தாழ 70 சதுர மீற்றர் வரும். பழைய லயக் காம்பரா ஒன்று 10 அடிக்கு 12 அடி. அப்படி ஆறு காம்பராக்களின் தரையை மடித்து மடித்து நெஞ்சுக்கூட்டுக்குள் வைத்தது போன்ற அமைப்பு இது. ஒட்சிசன் உள்ளே போவதும் காபனீரொட்சைட்டு வெளியே வருவதும் அந்த மெல்லிய சுவர்களின் வழியாகத்தான்.

இது இரண்டு விதமாகக் கெடலாம். சுவர்கள் இடிந்து பல அறைகள் ஒரே கூடமாகிவிடுவது ஒரு விதம். கூடம் பெரிதாகத் தெரிந்தாலும் சுவர் போய்விட்டது. வாயு மாறும் பரப்பும் அதோடு போய்விட்டது. கூடவே காற்றுக் குழாய்களும் சுருங்கிவிடுவதால் இழுத்த காற்றை முழுதாக வெளியே விட முடிவதில்லை. நாட்பட்ட மூச்சடைப்பு நோயில் நடப்பது இது. சிகரெட்டும் பீடியும் முதன்மைக் காரணங்கள். ஆனால் ஒரு பீடியையும் தொடாத பெண்களுக்கும் இது வருகிறது. புகைபோக்கி இல்லாத குசினியில் விறகடுப்பை முப்பது வருடம் ஊதியதே போதும்.

சுவர்கள் தடித்துப்போவது மற்றொரு விதம். காயம்பட்ட இடத்தில் தழும்பு ஏறுவதுபோலச் சிற்றறைச் சுவர்களில் நார்த்தழும்பு படிந்து நுரையீரல் சுருங்கி இறுகுகிறது. இது நுரையீரல் நார்த்தடிப்பு. இதில் ஒரு வகைக்குக் காரணமே தெரியாது. முதுகின் அடிப்பகுதியில் குழல் வைத்துக் கேட்டால், வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பதுபோன்ற வறண்ட நொறுநொறுப்பு கேட்கும். கைவிரல் நுனிகள் உருண்டு வீங்கியிருக்கலாம். இந்த இரண்டு அடையாளங்களையும் ‘வீசிங்’ கணக்கில் எழுதிவிட்டால் இழக்கப்படுவது காலம்.

தேயிலைத் தூசை இங்கே பலரும் நினைப்பார்கள். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டதிலிருந்து இந்த மலைகளில் பல தலைமுறை நுரையீரல்கள் அதைச் சுவாசித்திருக்கின்றன. பெக்டரியில் பறக்கும் தேயிலைப் பஞ்சால் வரும் ஆஸ்துமாவைப் பற்றி இலங்கை மருத்துவர் சி. ஜி. உரகொட 1970இலேயே எழுதினார். ஆனால் ஆஸ்துமா பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும். மாற்று நுரையீரல்வரை அது வருவது அபூர்வம். எந்த நோய் என்று பெயர் சொல்லத் தெரியாமல் மேற்கொண்டு முடிவெடுக்க வழியில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பெயர் ஏன் அவ்வளவு முக்கியம்? இரண்டு நோய்களின் கடிகாரமும் வேறு. மூச்சடைப்பு நோயாளி மிகக் குறைந்த சுவாசத் திறனோடும், வீட்டில் ஒட்சிசன் வைத்துக்கொண்டும் பல வருடங்கள் தாக்குப்பிடிக்கலாம். காரணம் தெரியாத நார்த்தடிப்பு அப்படி அல்ல. மருந்து இல்லாத காலத்தில், நோய் உறுதியானவர்களில் பாதிப் பேர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்தார்கள். 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் என்ற இரண்டு மருந்துகளும் தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்கின்றன. விழுந்த தழும்பை அழிப்பதில்லை.

ஆகவே ஒரே படிக்கட்டில் ஒரே இடத்தில் நின்று மூச்சு வாங்கும் இருவருக்கு ஒரே பதில் இல்லை. நார்த்தடிப்புக்காரருக்கு மாற்று நுரையீரல் ஆயுளைத் தெளிவாகக் கூட்டுகிறது. மூச்சடைப்பு நோயில் முதலில் கிடைப்பது மூச்சுச் சுகம்தான். ஆயுள் கூடுமா என்பது மிக மோசமான கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே ஓரளவு உறுதி. உடல் எடை, மூச்சடைப்பின் அளவு, இளைப்பின் கடுமை, ஆறு நிமிட நடை ஆகிய நான்கையும் சேர்த்து 10க்குப் புள்ளி போடும் முறை ஒன்று உண்டு. பொதுவாக 7ஐ எட்டியவர்களைத்தான் பட்டியலில் சேர்ப்பது பற்றி யோசிக்கிறார்கள்.

ஒட்டாத தையல்

1963 ஜூன் 11ஆம் திகதி, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஜேம்ஸ் ஹார்டி மனிதருக்கு முதன்முதலாக நுரையீரலை மாற்றினார். பெற்றுக்கொண்டவர் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த புற்றுநோயாளி. 18 நாட்கள் உயிர் வாழ்ந்தார். சிறையிலிருந்து வந்த ஒருவர் சொன்ன ‘சரி’ எவ்வளவு சுதந்திரமானது என்ற கேள்வி அன்றிலிருந்தே இந்தச் சிகிச்சையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. யார் தீர்மானிக்கிறார், எந்த நெருக்கடியில் தீர்மானிக்கிறார் என்பது இன்றும் பாதிக் கேள்வி.

அடுத்த இருபது ஆண்டுகளில் உலகமெங்கும் சுமார் 40 முயற்சிகள் நடந்தன. பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் 1968இல் ஃபிரிட்ஸ் டெரோம் மாற்றிய நுரையீரலோடு ஒருவர் பத்து மாதம் வாழ்ந்ததே அதிகபட்சம். தடுமாற்றம் பெரும்பாலும் ஒரு தையலில் இருந்தது. நுரையீரலை இணைக்கும்போது மூச்சுக் குழாயையும் பெரிய இரத்த நாளங்களையும் தைக்கிறார்கள். குழாயின் சுவருக்குக் குருதி தரும் நுண்ணிய நாடிகளை வழக்கமாக இணைப்பதில்லை. பட்டினி கிடக்கும் அந்தத் தையல், உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டினால் மேலும் ஆறாமல் பிரிந்துபோகும். நோயாளியைக் காக்கும் மருந்தே தையலைக் கெடுத்தது.

ரொறொன்ரோவில் ஜோயல் கூப்பர் குழுவினர் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். வயிற்றில் குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புத் திரையை மேலே இழுத்து, தையலைச் சுற்றி ஒரு சால்வைபோலப் போர்த்தினார்கள். குருதி நிறைந்த அந்தத் திரை தையலுக்கு உணவளித்தது. அதே காலத்தில் வந்த சைக்ளோஸ்போரின், ஸ்டீராய்டின் தேவையைக் குறைத்தது. 1983இல் அவர்கள் ஒற்றை நுரையீரல் பொருத்திய நோயாளி ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1986இல் இரண்டு நுரையீரல்களையும் மாற்றினார்கள். நம் பக்கத்தில், சென்னையில் 1999இல் கே. எம். செரியன் இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்து மாற்றினார். கொரோனாவில் நுரையீரல் கருகிப்போன ஒருவருக்கு 2020 ஓகஸ்டில் அதே நகரில் இரு நுரையீரல்களும் மாற்றப்பட்டன.

வாங்கும் சரக்கு

இன்று மாற்று நுரையீரல் பெறும் 100 பேரில் 85 முதல் 90 பேர் முதல் ஆண்டைத் தாண்டுகிறார்கள். ஐந்தாம் ஆண்டில் 55 முதல் 60 பேர் இருக்கிறார்கள். உலகப் பதிவேடுகள் சொல்லும் நடுவாழ்நாள் ஆறு ஆண்டைச் சற்றுத் தாண்டும்.

‘நடு’ என்பதைத் தவறாக வாசித்துவிடக் கூடாது. கொழுந்து நிறுக்கும்போது பதினொரு பேரை எடைப்படி வரிசையாக நிறுத்தினால் ஆறாவது ஆளின் எடை நடு எடை. ஐந்து பேர் அதற்குக் குறைவாகவும் ஐந்து பேர் கூடுதலாகவும் பறித்திருப்பார்கள். நடுவாழ்நாள் ஆறு ஆண்டு என்றால் எல்லோரும் ஆறாம் ஆண்டில் இறப்பார்கள் என்று பொருள் ஆகாது. சிலர் முதல் மாதத்தில் போகிறார்கள், சிலர் பேரப்பிள்ளையின் கலியாணத்தைப் பார்க்கிறார்கள். முதல் ஆண்டைக் கடந்துவிட்டவர்களை மட்டும் எடுத்தால் அந்த நடு, எட்டு ஆண்டைத் தாண்டுகிறது.

சிறுநீரகம், இதயம் ஆகியவற்றோடு பார்த்தால் இது குறைவுதான். அந்த உறுப்புகள் உடலுக்குள் மூடி வைக்கப்பட்டவை. நுரையீரல் மட்டும் திறந்த கடை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 லீற்றர் காற்று, அதிலுள்ள தூசோடும் பூஞ்சணத்தோடும் கிருமியோடும் உள்ளே வந்து போகிறது. வாசலில் காவல் இருக்கும் நோயெதிர்ப்பையோ, புது உறுப்பைத் தாக்காமலிருக்க நாமே மருந்து கொடுத்துப் படுக்க வைக்கிறோம். காவலாளி தூங்கினால் கிருமி வரும், விழித்தால் உறுப்பைத் தாக்கும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு விழித்திருக்கலாம் என்று அளப்பதே மாற்றுக்குப் பிந்திய வாழ்க்கை. அப்படி அளந்தும், ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சிறு காற்றுக் குழாய்கள் மெல்ல அடைபடுகின்றன. நாட்பட்ட நிராகரிப்பு என்பது இதுதான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தானம் வந்த நுரையீரலின் நரம்புகள் அறுபட்டவை. தையலுக்குக் கீழே சளி சேர்ந்தாலும் இருமல் தானாக எழாது. கெட்டுப்போவதை நெஞ்சு சொல்லாது. அதனால் வீட்டிலேயே தினமும் ஒரு சிறு கருவியில் ஊதி எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். எண் பத்து வீதம் இறங்கினால் வைத்தியரைக் கூப்பிட வேண்டும்.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். டக்ரோலிமஸ் 12 மணிக்கு ஒரு தடவை, நேரம் தவறாமல். குருதியில் அதன் அளவு கூடினால் சிறுநீரகம் கெடும், கைகள் நடுங்கும், குறைந்தால் நிராகரிப்பு. அளவு பார்க்கும் நாளில், காலை மாத்திரை போடுவதற்கு முன்பே குருதி எடுக்க வேண்டும். கலஹாவிலிருந்து கண்டிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்பதும் இங்கே மருத்துவக் கேள்விதான். ஸ்டீராய்டால் சீனி வருத்தம் வரலாம், எலும்பு தேயலாம். கண்டிப் பக்கத்தில் ஜம்போலா என்று விற்கும் பம்பளிமாசைத் தொடக்கூடாது. அது இந்த மருந்தின் அளவைக் குருதியில் ஏற்றிவிடும். மண்ணைக் கிண்டுவது, உரம் கொத்துவது, கோழிக் கூடு கழுவுவது ஆகியவற்றில் பூஞ்சண ஆபத்து உண்டு. மழைக்காலத்தில் சுவர் பூத்துக் கிடக்கும் லயக் காம்பராவையும் விறகடுப்பையும் அப்படியே வைத்துக்கொண்டு புது நுரையீரலை மட்டும் கொண்டுவர முடியாது. வீடும் மாற வேண்டும்.

இவ்வளவும் கேட்ட பிறகு ஏன் ஒருவர் ‘சரி’ சொல்கிறார்? இரவும் பகலும் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தவர், அதை நினைக்காமலே படி ஏறுகிறார். ஒட்சிசன் குழாய் இல்லாமல் குளிக்கிறார். அது சின்ன விஷயம் என்று மூச்சு முட்டாதவர்கள்தான் சொல்வார்கள்.

திறந்து மூடும் வாசல்

முடிவின் கடினம் காலத்தில் இருக்கிறது. மனக்கண்ணில் இரண்டு கோடுகளைப் போட்டுப் பாருங்கள். ஒன்று, மாற்றாமல் விட்டால் இவர் எவ்வளவு காலம் இருப்பார் என்ற கோடு. நோய் முற்ற முற்ற அது சரிகிறது. மற்றது, மாற்றினால் எவ்வளவு காலம் என்ற கோடு. உடல் தளரத் தளர அதுவும் சரிகிறது, ஆனால் வேறு வேகத்தில். முதல் கோடு இரண்டாவதற்குக் கீழே போன பிறகுதான் மாற்றுவதில் இலாபம். அதற்கு முன்பே மாற்றினால் நன்றாக இருந்திருக்கக்கூடிய வருடங்களை விற்றுவிடுகிறோம். மிகப் பிந்தினால் இரண்டாவது கோடும் தரையைத் தொட்டிருக்கும்.

சர்வதேச வழிகாட்டல் இதற்கு எண் வைக்கிறது. மாற்றாவிட்டால் இரண்டு ஆண்டில் இறக்கும் வாய்ப்பு 50 வீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். நுரையீரலைத் தவிர்த்த மற்ற உடல்நலத்தைப் பார்த்தால், மாற்றிய பின் ஐந்து ஆண்டு வாழும் வாய்ப்பு 80 வீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். மிகவும் நோயுற்றவராகவும், மற்றபடி வலுவானவராகவும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும்! அந்த வாசல் சில மாதங்கள் மட்டுமே திறந்திருக்கலாம்.

அது திறப்பதை ஆறு நிமிட நடையும் காட்டிக்கொடுக்கிறது. நார்த்தடிப்பு நோயில், ஆறு மாதத்துக்குள் நடைத்தூரம் 50 மீற்றருக்கு மேல் குறைந்தாலோ, நடக்கும்போது ஒட்சிசன் 88 வீதத்துக்குக் கீழே இறங்கினாலோ பட்டியலில் சேர்க்கும் காலம் வந்துவிட்டது என்று கொள்கிறார்கள். மூடுவதைக் காட்டும் அடையாளங்கள் வேறு: உடல் உருகிப்போவது, படுக்கையில் விழுவது, சிறுநீரகம் கெடுவது. அண்மைக்காலப் புற்றுநோய், விடாத புகைபழக்கம், மாத்திரையை ஒழுங்காகப் போடாத பழக்கம் ஆகியவையும் கதவை அடைக்கும். எழுபது வயதைத் தாண்டியவருக்கு மிகவும் யோசிப்பார்கள். பழைய காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று நம் நாடுகளில் கட்டாயம் தேடுவார்கள். நோயெதிர்ப்பைத் தணித்ததும் அது எழுந்துவிடும்.

மாற்று மருத்துவக் குழுவைப் போய்ப் பார்ப்பது வேறு, மாற்றச் சம்மதிப்பது வேறு. முதலாவதற்கு எவ்வளவு சீக்கிரம் போனாலும் நட்டமில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம்

கண்டி இந்த விஷயத்தில் வெறுங்கையோடு நிற்கும் ஊர் அல்ல. இலங்கையின் முதல் இதய மாற்றுச் சத்திரசிகிச்சை 2017இல் கண்டி வைத்தியசாலையில் நடந்தது. மூளைச்சாவடைந்தவரின் உறுப்புகளை எடுக்க 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் வழி தருகிறது. ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம் உலகத்துக்கே விழிவெண்படலங்களை அனுப்பிய நாடு இது. ஆனால் நுரையீரல் மிக மென்மையானது. விபத்து, மூளைச்சாவு, செயற்கைச் சுவாசம், தொற்று எல்லாவற்றையும் தாண்டி வர வேண்டும். தானம் தரும் ஐந்து பேரில் ஒருவருடைய நுரையீரலே பொருத்தத் தகுதியாகிறது. எடுத்த பின் குளிரில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம்வரைதான் வழக்கமாக வைத்திருக்கலாம்.

இந்தச் சிகிச்சையைத் தொடர்ந்து செய்துவரும், நம் மொழி பேசும் அருகிலுள்ள பெருநகரம் சென்னை. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவடைந்த ஒரு பள்ளி மாணவனின் உறுப்புகளை, மருத்துவர்களான பெற்றோர் கொடுத்த நிகழ்வு தமிழ்நாட்டின் மனத்தை மாற்றியது. 2023 முதல் அங்கே உறுப்புக் கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. ஆனால் இந்தியப் பங்கீட்டு விதிப்படி, மாநிலத்திலும் பிராந்தியத்திலும் நாடு முழுவதிலும் பொருத்தமான இந்தியர் எவரும் இல்லாதபோதுதான் வெளிநாட்டவருக்கு முறை வரும். தம் மக்கள் கொடுத்ததைத் தம் மக்களுக்கு முதலில் கொடுக்கிறார்கள்; குறை சொல்ல முடியாது. கலஹாவிலிருந்து போகிறவர் அந்த வரிசையின் கடைசியில் நிற்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

குருதி வகை பொருந்த வேண்டும். நெஞ்சின் அளவும் பொருந்த வேண்டும். உயரம் குறைந்த பெண்ணின் சிறிய கூட்டுக்குப் பெரிய ஆணின் நுரையீரல் அடங்காது. நமது மலையகத் தாய்மாரில் பலர் உயரம் குறைந்தவர்கள். அவர்களுடைய காத்திருப்பு நீளலாம். வைத்தியசாலைக்கு அருகில் வாடகை அறை, கூடவே இருக்க ஒருவர், நடு இரவில் ஒரு தொலைபேசி, ஓடிப் போனால் “இந்த நுரையீரல் சரியில்லை, திரும்பிப் போங்க” என்ற ஏமாற்றம். செலவோ பல பத்து இலட்சம் இந்திய ரூபாய்.

“அங்க போயி ஒன்னு ஆச்சுன்னா என்னைய எப்படிப்பா கொண்டாருவீங்க?” என்று அம்மா கேட்டால், பிள்ளைகள் அதைப் பயம் என்று தள்ளிவிடக் கூடாது. பாட்டன் பூட்டன் எந்தக் கரையிலிருந்து வந்தார்களோ அதே கரைக்கு மூச்சைத் தேடிப் போகிறவர் கேட்கும் நியாயமான கேள்வி அது.

நாடு திரும்பிய பின் கதை முடிவதில்லை. 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்திவைக்கப்பட்டதை நாம் பார்த்தோம். ஒரு வேளை மாத்திரையும் தவறக்கூடாதவருக்கு நாட்டின் டொலர் கையிருப்பும் உடல்நலத்தின் ஒரு பகுதிதான்.

வேண்டாம் என்பதும்

இத்தனையையும் நிறுத்துப் பார்த்து ஒருவர் ‘வேண்டாம்’ என்றால் அது தோல்வி அல்ல. அதற்குப் பிறகும் வைத்தியம் இருக்கிறது. மிகக் குறைந்த அளவு மோர்பீன், வேறெதற்கும் அடங்காத மூச்சுத் திணறலின் வேதனையைச் சிலருக்குத் தணிக்கும். வீட்டில் ஒட்சிசன் செறிவாக்கி வைக்கலாம். சுவாசப் பயிற்சியால் தசை தேறும். முகத்துக்கு நேரே பிடித்த ஒரு சிறு கைமின்விசிறி, முகத்து நரம்புகளின் வழியாக மூளையைச் சமாதானப்படுத்தி இளைப்பைக் குறைக்கிறது என்பது சோதித்தறிந்த உண்மை. இந்தப் பராமரிப்பு, மாற்றுப் பட்டியலில் காத்திருப்பவருக்கும் உரியது.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை சில. என் நோயின் சரியான பெயர் என்ன? ஒன்றும் செய்யாவிட்டால் அடுத்த இரண்டு வருடம் எப்படி இருக்கும்? மாற்றுக்கு நான் தகுதியா, இல்லையென்றால் எதைச் சரிசெய்தால் தகுதியாவேன்? கூடவே ஒரு வருடம் யார் இருப்பார்? கடைசிக் கேள்வி வைத்தியருக்கு அல்ல, அம்மாவுக்கு: கிடைக்கும் மூச்சை எதற்காகச் செலவழிக்க ஆசை? பேத்தியின் படிப்பு முடியும்வரை இருக்கவா, சொந்த வாசலில் வலியில்லாமல் இருக்கவா? இரண்டும் நல்ல பதில்கள். ஆனால் வேறு வேறு பாதைக்குப் போகிறவை.

அந்தப் பதிலை அவரே சொல்ல வேண்டுமென்றால், பேச மூச்சிருக்கும்போது கேட்க வேண்டும். படியில் இரண்டு தடவை நிற்கிறார் என்றால் அதுவே போதுமான காலம். கீழே இறங்கி, கண்டியிலோ பேராதனையிலோ அந்தச் சமதரையில் ஆறு நிமிடம் நடந்து, கிளினிக் கொப்பியில் முதல் எண்ணை எழுதிக்கொண்டு வரட்டும். ஆறு மாதம் கழித்து இரண்டாவது எண் எழுதப்படும்போது, எடுத்த முடிவு எதுவானாலும் அது இருட்டில் எடுத்ததாக இராது.